சப்ரிக்கு ஒரு துண்டு

1

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகிறவர்கள் இரண்டாவது நிமிடத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்க நீங்க என்ன வேல?" பின்னேரம் ஐந்து மணியிலிருந்து ஒரு தமிழ்க் கடையில் சாமான் அடுக்குகிறேன் என்று சொல்வேன். அதற்கு முன் பகல் முழுக்க என்ன செய்கிறேன் என்பதைச் சொல்வதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நான் பிள்ளை பார்க்கிறேன்.

என் மனைவி ஜெஸீமா விடியப் புறப்பட்டு ஒரு முதியோர் இல்லத்துக் குசினிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் மூன்று மணிக்கு வரும்வரை வீடு என் கையில். பத்து வயது ஹஸ்னாவுக்குத் தலை பின்னுகிறேன். நாலு வயது அஸ்மீருக்குச் சப்பாத்து மாட்டுகிறேன். ஒன்றரை வயது ஹாதியை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் பாடசாலையில் விட்டுவிட்டு வருகிறேன். சாய்ந்தமருதில் இருந்தபோது குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவாத ஆள் நான். இப்போது ஹாதியின் பால் போத்தலின் எந்த மூடி எந்தப் போத்தலுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஹாதி சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. சோறு ஊட்டினால் பாதி வாய்க்குள், பாதி ரேடியேட்டருக்குப் பின்னால். கதவைக் கண்டால் திறக்க வேண்டும், பையைக் கண்டால் கவிழ்க்க வேண்டும். ஓடுவான், விழுவான், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு அழுவான். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் இந்த வருடம் நான் அவன் பின்னாலேயே திரிந்தேன். அவனுக்கு ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகப் போகிறது என்பதை ஜெஸீமாவும் நானும் வாய்விட்டுச் சொல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தோம். எங்கள் சப்ரி அந்த வயதில்தான் நின்றுபோனான்.

2

எங்கள் கதவடியில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு நீலப் பை இருக்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் "ஓடுற பை".

கல்முனைக் கரையில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கதவடியில் இப்படி ஒன்று கிடந்தது. யாராவது ஒருவன் ஒழுங்கையில் "கடல் வருது!" என்று கத்தினால் போதும், ஊரே பையைத் தூக்கிக்கொண்டு மேற்கே வயல் பக்கம் ஓடும். கடல் வராது. திரும்பி வந்து, கத்தினவனைத் தேடி ஏசிவிட்டு, பையைப் பழைய இடத்தில் வைப்போம். நான் ஒரு தடவை இடுப்பில் துவாயோடும் முகத்தில் சவர்க்காரத்தோடும் ஓடியிருக்கிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்க அன்று யாருக்கும் நேரமிருக்கவில்லை.

பைக்குள் உடுப்பு இருக்கும், டோர்ச் இருக்கும். முக்கியமாகத் துண்டுகள் இருக்கும். துண்டு என்றால் தோளில் போடுகிற துணி என்று நினைக்கும் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் துண்டு என்றால் காகிதம், அதுவும் கந்தோர், அதாவது அரசாங்க அலுவலகம், தருகிற காகிதம். யுத்த காலத்தில் அடையாள அட்டை கையில் இல்லாதவன் செக்பொயின்ற்றைத் தாண்ட மாட்டான். கடல் வந்த பிறகு அரிசிக்கும் துண்டு, கூடாரத்துக்கும் துண்டு. மனிதன் முன்னால் நின்றால் போதாது, அவனுடைய துண்டும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இப்போது நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து கடலுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். இருந்தாலும் பை கதவடியில்தான் இருக்கிறது. ஐந்து பேரின் கடவுச்சீட்டு, மூன்று பிள்ளைகளின் பிறப்புத் துண்டு, தடுப்பூசிப் புத்தகம், ஆளுக்கொரு சோடி உடுப்பு, ஒரு பால்மா டின். ஜெஸீமா வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்ப்பாள். பிள்ளைகள் பிறந்த வரிசையில் துண்டுகளை அடுக்கி மறுபடியும் உள்ளே வைப்பாள்.

3

சப்ரி எங்கள் இரண்டாவது பிள்ளை, ஹஸ்னாவுக்கு அடுத்தவன். அவன் பிறந்தபோது என்னுடைய வாப்பாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நான் நின்றேன். ஜெஸீமா சப்ரி என்றாள். நான் முறுக்கிக்கொண்டேன். பெயர்ச் சண்டை தீரட்டும், பிறகு பதியலாம் என்று பிறப்புப் பதிவைத் தள்ளிப்போட்டேன். அதற்குள் ஒழுங்கை முழுக்கச் சப்ரி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டான். நான் மட்டும் கந்தோருக்குப் போகவில்லை. பிந்திய பதிவென்றால் சத்தியக் கடதாசி, சாட்சி என்று அலைச்சல். இன்றைக்கு, நாளைக்கு என்றே ஒன்றரை வருடம் போய்விட்டது.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் கல்முனை பஸாரில் கடை திறந்துகொண்டிருந்தேன். எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டாவது ஒழுங்கை. ஜெஸீமா அப்போது அஸ்மீரை மூன்று மாதம் வயிற்றில் வைத்திருந்தாள். ஒரு கையில் ஹஸ்னாவைப் பிடித்துக்கொண்டு, சப்ரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கடைசியில் அவள் கையில் ஹஸ்னா மட்டும் இருந்தாள். இடையில் நடந்ததை அவள் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. மறுநாள் சப்ரியை நான்தான் கண்டெடுத்தேன். நான்தான் அடக்கினேன். அன்றைக்கு யாரும் யாருக்கும் துண்டு எழுதிக்கொண்டிருக்கவில்லை.

எங்கள் வீடுகளில் ஆடு சாகும், கோழி சாகும். மனிதர்கள் மௌத்தாவார்கள். சாவு என்ற சொல்லை மனிதருக்குச் சொன்னால் மரியாதைக் குறைவு, சொன்னவனை மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சப்ரியைப் பற்றி யாராவது கேட்டால் "மௌத்து" என்று ஒரு சொல் சொல்வோம். அதற்கு மேல் எங்களுக்கும் சொல்ல முடியாது.

ஆறேழு மாதம் கழித்து அவனுடைய மரணச் சான்றுக்காகக் கந்தோருக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான், அவர் வீட்டிலும் இரண்டு பேர் மௌத்து.

"புள்ளட பிறப்புத் துண்டு எங்க?"

"பதியல்ல சேர்."

"பிறந்ததுக்கே துண்டு இல்ல. மௌத்தானதுக்கு நான் எப்படித் துண்டு தாற? அப்படி ஒரு புள்ள இருந்த எண்டதுக்கு ஏதாவது கொண்டு வாங்க."

கிளினிக் அட்டையைக் கடல் கொண்டுபோய்விட்டது, புகைப்படத்தையும் கொண்டுபோய்விட்டது. சாட்சி சொல்லக்கூடிய அயலவர்களையும் கொண்டுபோய்விட்டது. எட்டுத் தடவை போனேன். பிறகு இந்த நாட்டுக்கு வருகிற வழி திறந்தது, வந்துவிட்டோம். சப்ரி என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு உலகத்தில் ஒரு காகிதமும் இல்லை. அது என் பிடிவாதத்தால் வந்த வினை. வேறு யாரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

4

நவம்பர் கடைசியில் ஒரு நாள் ஹாதி வாசற்படியில் தடக்கி விழுந்தான். கீழுதடு வெடித்து வீங்கிவிட்டது. மறுநாள் பின்னேரம் மூன்றரைக்கு வாசல் மணி அடித்தது. மூத்த பிள்ளைகள் இருவரையும் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தேன். ஜெஸீமா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால், ஊதா நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண், கழுத்தில் அட்டை தொங்குகிறது, முகத்தில் சிரிப்பு. சிரித்துக்கொண்டு வருகிற அரசாங்கத்தைக் கண்டால் எனக்குக் கூடுதல் பயம்.

ஹஸ்னா அவரோடு கதைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாப்பா, புள்ளைகள் பாதுகாப்பு ஒஃபிஸாம். தம்பிமாரப் பத்திக் கதைக்கணுமாம்."

 இங்கே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கடையில் கதைத்துக்கொள்வார்கள். யாரோ ஒருவருடைய பிள்ளைகளை, எங்கோ ஓர் ஊரில். நான் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவன். இப்போது அந்த ஊதாக் கோட்டு என் கதிரையில் உட்கார்ந்து, என் இடுப்பில் இருந்த ஹாதியின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று சொல் சொல்லாகக் கேட்டார். அஸ்மீர் பாடசாலையில் டீச்சரிடம் ஏதோ சொல்லியிருக்கிறானாம். பிரதர் என்றார். மௌத் என்றார். மௌத் என்றால் வாய் என்று எனக்குத் தெரியும், அவ்வளவு இங்கிலீஸ் என்னிடம் உண்டு. அப்படியானால் ஹாதியின் உதடுதான் விசயம். ஹஸ்னாவைக் காத்திராமல் நானே முந்திக்கொண்டேன்.

"யெஸ், யெஸ். மௌத்." ஹாதியின் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். "யெஸ்டடே."

வாய்க்குள் தண்ணீர் போனது என்று அஸ்மீர் சொன்னானாம், உண்மையா என்று கேட்டார்.

"யெஸ், வோட்டர். ஐ வோட்டர்." இரத்தத்தை நான்தான் கழுவினேன் என்று சொல்கிறேனாம். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். ஒரு கோப்பை அளவு கையால் காட்டினேன். அவர் எழுதினார். நல்லபடியாகப் பதில் சொல்கிறேன் என்ற திருப்தியில் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மேலே பார்க்கலாமா என்றார். பார்க்கலாம் என்றேன். கட்டில்களை எண்ணினார். விருந்தாளிகளுக்காகச் சுருட்டி வைத்திருந்த சின்ன மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். குளியலறையில் வாளியும் கோப்பையும் இருந்தன, குளிக்கும் தொட்டியில் தண்ணீரை நிறுத்துகிற அடைப்பு இல்லை. அது எங்கே என்றார்.

"உம்மா எறிஞ்சிட்டா எண்டு சொல்லட்டா?" என்றாள் ஹஸ்னா.

தொட்டியில் தண்ணீர் நிரம்பி நிற்பதை ஜெஸீமாவால் பார்க்க முடியாது. வந்த முதல் வாரமே அடைப்பைக் குப்பையில் போட்டுவிட்டாள். அதையெல்லாம் எந்த இங்கிலீஸில் சொல்வது? "வோட்டர் நோ குட்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இறங்கி வரும்போது மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

கீழே வந்ததும் தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அஸ்மீர் வரைந்த எங்கள் குடும்பம், ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் கீழே டீச்சர் பெயர் எழுதியிருந்தார். ஐந்து பேரும் பலநிற உடுப்போடு நின்றார்கள். ஆறாவது ஆள் தலையிலிருந்து கால்வரை நீலம்.

"வேர் இஸ் சப்ரி?" என்று கேட்டார்.

குசினியில் வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று முட்டியது. என் மகன் பாடசாலையில் தன் காக்காவை, மூத்த சகோதரனைப் பற்றி, "சப்ரி இஸ் மௌத்து" என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் கேட்ட சொல்லை இங்கிலீஸுக்கு நடுவில் வைத்திருக்கிறான். டீச்சருக்கு அது வாயாகக் கேட்டிருக்கிறது. வாய்க்கு என்ன என்று கேட்டிருப்பார். தண்ணி போன என்று பிள்ளை சொல்லியிருப்பான். வெளியே யாரும் காணாத ஒரு பிள்ளை இந்த வீட்டில் இருக்கிறான், அவன் வாய்க்குள் யாரோ தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதற்கு நான் இப்போதுதான் சிரித்த முகத்தோடு ஒரு கோப்பை என்று அளவும் காட்டியிருக்கிறேன்.

"சொல்லுங்க மகள்," என்றேன் ஹஸ்னாவிடம். "சப்ரி ஆரு எண்டு சொல்லுங்க."

ஹஸ்னா குசினிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.  இங்கிலீஸில் கனவு காணுகிற பிள்ளை, அந்த நேரத்தில் ஊமையாக நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது.

இதற்கிடையில் ஹாதி என் பிடியிலிருந்து நழுவி, கதவடியில் இருந்த ஓடுற பையை இழுத்து வந்து கவிழ்த்துவிட்டான். ஐந்து கடவுச்சீட்டும் பிள்ளைகளின் உடுப்பும் ஊதாக் கோட்டின் காலடியில் கொட்டின. பால்மா டின் உருண்டுபோய் அவருடைய சப்பாத்தில் முட்டி நின்றது. இது என்ன என்றார்.

"ஓடுறதுக்கு வச்ச பை எண்டு சொல்லுங்க," என்றேன்.

இதை ஹஸ்னா சொன்னாள். எனக்கு விளங்கியது இரண்டு சொற்கள்தான்: ரன்னிங் எவே.

பேனை நின்றது. அவர் கடவுச்சீட்டுகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இனிமேல் பிள்ளை மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்லி ஹஸ்னாவையும் அஸ்மீரையும் முன்னறைக்கு அனுப்பிவிட்டு, ஓர் எண்ணை அழுத்தித் தொலைபேசியை மேசை நடுவில் வைத்தார்.

5

தொலைபேசிக்குள் ஒரு பெண் குரல், வடக்குத் தமிழ். "வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லுறதை மட்டும்தான் நான் சொல்லுவன், சரியோ? முதல் கேள்வி. உங்களுக்கு மொத்தம் எத்தினை பிள்ளையள்?"

"நாலு," என்றேன். யோசிக்காமல் வந்த பதில். யார் கேட்டாலும் நாங்கள் சொல்வது நாலுதான்.

"இங்கை மூண்டு பேர்தானாம் இருக்கினம். நாலாவது பிள்ளை எங்கையெண்டு கேக்கினம்."

"அவன் மௌத்து."

"விளங்கேல்லை ஐயா. வாயிலை என்ன?"

"வாயில ஒண்டும் இல்ல தங்கச்சி. மௌத்து. மௌத்தாப் போயிட்டான்."

"எங்கை போயிட்டார்?"

எனக்கு வேறு சொற்கள் தெரியாமல் இல்லை. இறந்துவிட்டான், காலமானான் என்று பத்திரிகையில் வருகிற சொற்கள் இப்போது எழுதும்போது வரிசையாக வருகின்றன. அந்த நேரம் ஒன்றும் வரவில்லை.  ஊதாக் கோட்டு பேனையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு கணமும் என் மூன்று பிள்ளைகளும் என்னிடமிருந்து ஓர் அடி தள்ளிப் போவது போல இருந்தது. மறுபடியும் "மௌத்து" என்றேன். எனக்கே அது வாய் என்றுதான் கேட்டது.

ஜெஸீமா குசினியிலிருந்து வந்தாள். ஈரக் கையை உடுப்பில் துடைத்தாள், ஹாதியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், மேசைக்குக் குனிந்து தொலைபேசியிடம் சொன்னாள்.

"செத்துட்டான் தங்கச்சி. எங்கட புள்ள செத்துட்டான். கடல் வந்த அண்டு. என்ட இடுப்புல இருந்தவன்."

ஐந்து வருடமாக அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவள் நிமிர்ந்தாள். ஹாதி அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான், அவள் அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை.

 பிறகு அந்தக் குரல் இங்கிலீஸில் சொன்னது. ஊதாக் கோட்டு பேனையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு ஜெஸீமாவைப் பார்த்தார். வருந்துகிறேன் என்று மூன்று தடவை சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கடமை கடமைதானே, பேனையை மறுபடியும் எடுத்தார். மரணச் சான்று ஏதாவது இருக்கிறதா?

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அடக்க முடியவில்லை. "தங்கச்சி, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க," என்றேன். "எங்கட ஊர்ல ஒரு கந்தோர், இப்படி ஒரு புள்ள இருந்ததுக்குத் துண்டு கேட்ட. எனக்குக் குடுக்க ஏலாமப் போச்சி. இப்ப இவங்க அந்தப் புள்ள இல்ல எண்டதுக்குத் துண்டு கேக்காங்க. அதுக்கும் என்னட்ட ஒண்டும் இல்ல." பிறகு பெயர்ச் சண்டை, பதியாமல் விட்டது, எட்டுத் தடவை போய் வந்தது, இந்தப் பை எதற்கு, தொட்டி அடைப்பு எங்கே போனது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். இடையில் இரண்டு தடவை அவருடைய குரல் தடக்கியது.

கடைசியாக ஊதாக் கோட்டு கேட்டார், அவனுடைய பெயரை எப்படி எழுதுவது என்று. நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். எஸ், ஏ, பி, ஆர், ஐ. ஜெஸீமா அந்தப் பேனை நகர்வதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொலைபேசியை வைக்கப் போகும் நேரத்தில் அந்தக் குரல் தமிழில் அவசரமாகச் சொன்னது: "அக்கா, எனக்கு விளங்குது. எங்கடையள் மே மாசம்…" அங்கேயே நின்றுவிட்டது.

என்ன சொன்னார் என்று ஊதாக் கோட்டு என்னைக் கேட்டார்.

"ஷீ சே பாய்," என்றேன்.

6

அந்த மே மாதத்தை நான் மறக்கவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று ஊரிலிருந்து என் ராத்தா, மூத்த சகோதரி, போன் எடுத்தபோது, அவளுடைய பேச்சுக்குப் பின்னால் எங்கோ பட்டாசு வெடி கேட்டது. இனிப் பயமில்லை, ரோட்டெல்லாம் திறப்பார்கள், நீங்களும் வரலாம் என்றாள். எனக்கும் நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன். அன்று பின்னேரம் வேலைக்குப் போனால், கடை முதலாளி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய தங்கை குடும்பம் கடைசிச் சண்டை நடந்த வன்னியில். நான் போய் அரிசி மூட்டைகளை அடுக்கினேன்.  தொலைபேசியில் வந்த அந்தக் குரலைக் கேட்டபிறகுதான், அன்று அவரிடம் ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாமே என்று வெட்கப்பட்டேன்.

முடிவைக் கடிதத்தில் அறிவிப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் ஊதாக் கோட்டு போயிருந்தார். அதன் பிறகு மூன்று வாரத்துக்கும் மேல் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. மணி அடித்தால் ஜெஸீமா முதலில் ஹாதியைத் தூக்குவாள், பிறகுதான் கதவைப் பார்ப்பாள். பாடசாலை வாசலில் டீச்சர் வழக்கம்போல் சிரித்தாலும் நான் ஹாதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். பிள்ளைகளை இஸ்திரி போட்ட உடுப்போடு அனுப்பினேன். ஹாதி தடக்கினால் அவன் நிலத்தில் படுமுன் நான் பிடித்துவிட வேண்டும் என்று குனிந்தபடியே திரிந்து முதுகு பிடித்துக்கொண்டது. அவன் அழுதால் யன்னலைச் சாத்தினேன். பிள்ளை அழுவதற்குப் பயப்படுகிற வீடாக எங்கள் வீடு ஆகிவிட்டது.

ஒரு நாள் அந்த எரிச்சலை அஸ்மீர் மேல் கொட்டினேன். "சப்ரியப் பத்தி உனக்கு ஆரு சொன்ன? நீ கண்டியா அவன? கண்டதுமாதிரிப் படம் கீறி வச்சிருக்காய்!"

அவன் வாயைப் பிதுக்கினான். ஹஸ்னா நடுவில் வந்து நின்றாள். "நான்தான் சொன்ன, வாப்பா."

"என்னத்துக்கு?"

"உம்மா எல்லாருக்கும் நாலு புள்ள எண்டு சொல்றா. நாங்க மூணு பேர்தானே எண்டு அவன் கேட்டான். அதான் சொன்ன. நெடுகச் சொல்றநான். சப்ரி எப்படிச் சிரிக்கிற, எப்படி என்ட தலைமயிரப் புடிச்சி இழுக்கிற எண்டெல்லாம்."

"அப்ப அந்தப் பொம்புளைக்கிட்டச் சொல்றதுக்கு மட்டும் வாய் வரல்லையா உனக்கு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உம்மா குசினிக்குள்ள நிண்டா வாப்பா. அந்தச் சொல்ல நான் எப்படிச் சொல்ற? இங்கிலீசுல சொன்னாலும் உம்மாக்கு விளங்கும்."

ஊரிலிருந்து யார் போன் எடுத்தாலும் நான் புலம்புகிற புலம்பல் ஒன்று உண்டு: மகள் தமிழை மறந்துவிட்டாள், தட்டில் சோற்றைக் கண்டால் முகம் சுளிக்கிறாள், எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று. அந்தப் புலம்பலைக் கேட்டவர்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கடல் வந்த அன்று ஓடும்போது உம்மாவின் பிடியில் அவளுடைய கையும் இருந்தது என்பதை நான்தான் மறந்துபோனேன். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு அது சரியாக வராது. ஒரு சீப்பை எடுத்து, பின்னியிருந்த தலையை அவிழ்த்து மறுபடியும் பின்னிவிட்டேன். 

7

கடிதம் வந்தது டிசம்பர் கடைசி வாரத்தில். கடல் வந்து ஐந்து வருடம் முடிய இரண்டு நாள் இருந்தது. பாடசாலை விடுமுறை, பிள்ளைகள் மூவரும் வீட்டில். கடித உறையை ஹாதிதான் கதவடியிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தான், மூலையைச் சப்பியபடி.

நான் திறக்கவில்லை. ஜெஸீமா வரும்வரை அது மேசையில் கிடந்தது. அவள் வேலையால் வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "வாசிங்க," என்றாள்.

ஹஸ்னாவும் நானும் சேர்ந்து வாசித்தோம். இரண்டு பக்கம். பாதி அவர்களுடைய சட்டப் பிரிவுகள். முதல் பக்கத்தின் நடுவில், மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் இல்லை என்று இருந்தது. ஹஸ்னா அதைச் சொன்னதும் ஜெஸீமா கதிரையில் உட்கார்ந்தாள். அஸ்மீர் ஏதோ பரிசு விழுந்ததாக நினைத்துக் கைதட்டினான், ஹாதியும் தட்டினான்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு பெட்டி. பிள்ளைகளின் எண்ணிக்கை: நாலு. கீழே ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள். இரண்டாவது வரியில் சப்ரி. பக்கத்தில் வயது, ஒரு வருடமும் ஏழு மாதமும். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள், காலமாகிவிட்டார் என்று. கீழே கையொப்பம், அதன் மேல் அரசாங்க முத்திரை.

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சிரித்துக்கொண்டு வந்த அரசாங்கம் இதை அனுப்பும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"என்ன ஹஸ்னாட வாப்பா? ஏதும் பிழையா?"

"பிழை ஒண்டும் இல்ல. இதுல சப்ரி இருக்கான்."

அவள் கோட்டோடு எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஸ் எழுத்து தெரியாது. "எங்க? தொட்டுக் காட்டுங்க."

அவளுடைய விரலைப் பிடித்து அந்த ஐந்து எழுத்தின் மேல் வைத்தேன். விரலில் வெங்காய வாசம். அவள் அதை எடுக்கவில்லை.

"பேர் சரியா எழுதிக் கிடக்கா?"

"ஓம். நீ வச்ச பேருதான்."

அவள் போய் ஓடுற பையைக் கொண்டுவந்தாள். பிறப்புத் துண்டுகளை எடுத்தாள். கடிதத்தை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஹஸ்னாவின் துண்டுக்குப் பின்னால், அஸ்மீரின் துண்டுக்கு முன்னால் வைத்து, பையை மூடினாள்.